இருநூறு கோதும் ஒரு கட்டிலும்

“தோசைக்கு அரைக்கிற கிறைண்டருக்குள்ளை துவக்குக் கோதைப் போட்டுச் சுத்தியிருக்கிறியள். உலகத்திலை எந்தப் புருசன் உப்பிடிச் செய்வான்? சொல்லுங்கோ, எந்தப் புருசன் செய்வான்?”

செலீன் இதைக் கேட்டது மூன்றாவது தடவை. முதல் தடவை குசினியில். இரண்டாவது தடவை படியில் இறங்கும்போது. மூன்றாவது தடவை பேஸ்மென்றில், நேருக்கு நேர். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கன்னியர் மடத்தில் படித்தவள். ஒருதரம் வாயில் வந்த வசனம் மனப்பாடம் ஆகிவிடும்.

நீக்கிலாப்பிள்ளை கிறைண்டர் பானையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார், ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஞானத்தகப்பனைப் போல.

“அரைக்கேல்லையப்பா. உருட்டினனான்.”

“கல்லோடையோ?”

“கல்லை எடுத்துப்போட்டுத்தான்.”

“என்ன ஊத்தினீங்கள்?”

“கொஞ்சம் பழப்புளி.”

“பழப்புளி! ஏன், கறிவேப்பிலை போடேல்லையோ? ரெண்டு செத்தல் மிளகாயும் கிள்ளிப் போட்டிருந்தால் ரசமாவது மிஞ்சியிருக்கும். எவ்வளவு நேரம் உருட்டினீங்கள்?”

அங்கேதான் பிசகு. அரை மணித்தியாலம் என்று போட்டவர் ஹொக்கி பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போனது. புளியும் போனது.

செலீன் பானைக்குள் கையை விடவில்லை. இடுக்கியால் ஒரு கோதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். துவக்கிலிருந்து தோட்டா வெடித்துப் போனபிறகு மிஞ்சும் பித்தளைக் கோது. சின்னவிரல் நீளம். பொன்போல இருக்கவேண்டியது, தடிமன் பிடித்தவன் மூக்கைப்போல் சிவந்து இருந்தது. பித்தளையைப் புளியில் அளவுக்குமேல் ஊறவிட்டால் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மேலே வந்துவிடும். கோது பலம் கெட்டுப்போகும். பானைக்குள் கிடந்த நாற்பதும் இனிக் குப்பைக்குத்தான். கிறைண்டரும் குப்பைக்குத்தான், வெடித்த கோதுக்குள் ஈயப்பொடி இருக்கும், அது சோறு தின்னும் வீட்டுக்கு ஆகாது. இந்தக் கடைசி விசயத்தை நீக்கிலாப்பிள்ளை பேந்துதான் வாசித்து அறிந்தார். செலீன் இடுக்கியைத் தொடும்போதே அறிந்திருந்தாள்.

“ஊரிலை உந்தச் சாமானுக்குப் பயந்து பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து உதைக் கெஞ்சி வாங்கி, புளி போட்டு மினுக்கிறியள்.”

“அது வேறை, இது வேறையப்பா. இது மானுக்கு.”

“மான் என்ன பாவம் செய்தது?”

நீக்கிலாப்பிள்ளை பானையை மெல்லக் கீழே வைத்தார். மறுமொழி தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். கலியாணம் கட்டி இருபத்தொன்பது வருசத்தில் அவர் கற்ற ஒரே உருப்படியான பாடம் அது.

விசயம் இதுதான். நீக்கிலாப்பிள்ளைக்குச் சென்ட் லோரன்ட்டில் விமானத்துக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. பொதி கட்டும் பகுதி. பத்தொன்பது வருசம். ஒவ்வொரு வருசமும் நவம்பர் மாதம் முதல் கிழமை, கடைசல் பகுதியிலிருந்து றெஜான் என்ற கியூபெக்காரனும் கூட்டாளிகளும் வடக்கே மொன்ட்-லோறியேப் பக்கம் மான் வேட்டைக்குப் போவார்கள். திங்கட்கிழமை திரும்பி வந்து கோப்பி மெசினடியில் நின்று கதை சொல்வார்கள். நீக்கிலாப்பிள்ளை காகிதக் கோப்பையோடு அந்தக் கூட்டத்தின் கரையில் நிற்பார். மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிப்பார். ‘ஓ லா லா’ என்பார். பத்தொன்பது நவம்பர் இப்படி ‘ஓ லா லா’ சொல்லியே போனது.

இந்த வருசம் றெஜான் அவர் தோளில் தட்டி, “நிக், நீயும் வாவன்” என்றான்.

அந்த ஒரு வசனத்தை நீக்கிலாப்பிள்ளை வீடு இருக்கும் டொலார்ட் வரும்வரை காருக்குள் தனியாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பிரெஞ்சில் ஒருதரம், தமிழில் பத்துத்தரம்.

ஒரேயொரு நிபந்தனை. றெஜானும் கூட்டாளிகளும் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. பழைய கோதைச் சுத்தம் செய்து, றெஜானே தன் வீட்டில் மருந்தும் குண்டும் நிரப்புவான். அது அவன் பொறுப்பு. அதற்கு முன் கோதின் அடியில் இருக்கும் செத்த வெடிமூடியைத் தட்டி எடுப்பது, கழுவுவது, காயவிடுவது, வெடிப்பு இருக்கிறதா பார்ப்பது, நீண்டுபோன வாயைச் சீவி அளவுக்குக் கொண்டுவருவது எல்லாம் புதிதாகச் சேருகிறவன் வேலை. ஒரு பைக்குள் இருநூறு கோதைப் போட்டுக் கொடுத்துவிட்டான். வெடிமூடி தட்டவும் வாய் சீவவும் இரண்டு சின்னக் கைக்கருவியும், நுணுக்கமாக அளவெடுக்க வேர்ணியரும் கொடுத்தான். வியாழக்கிழமை வந்து எடுப்பான். கோது சரியென்றால் நிக் வரலாம்.

சரி, போகவேண்டியதுதானே என்பீர்கள். வேட்டைக்குப் போகும் நாட்களுக்குள் சனிக்கிழமை இருக்கிறதே!

நவம்பர் மாதம் மரித்த ஆத்துமாக்களின் மாதம். திரேசம்மா அக்காவின் செபக்கூட்டம் வீடு வீடாகப் போய்ச் செபமாலை சொல்லும். முதலாம் சனிக்கிழமை செலீன் வீட்டுமுறை. ஓகஸ்ட்டிலேயே எழுதி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியாயிற்று.

“ஒரு வருசம் மாத்தி வைக்கேலாதே, செலீன்?”

“ஆத்துமாக்களுக்கு ஆர் போன் எடுத்துச் சொல்லுறது? நீங்களோ?”

“நான் இல்லாட்டி என்ன? பொம்பிளையள்தானே வருவினம்.”

“வாற சனத்தை வரவேற்க வீட்டுக்காரரிலை ஒராள் நிக்கோணும். நான் அவ்வளவுதான் சொல்லுவன்.”

நீக்கிலாப்பிள்ளை அதை ‘நீங்கள் நிக்கோணும்’ என்று கேட்டுக்கொண்டார். புருசன்மார் கேட்கும் விதம் அப்படி.

வெளியில் வெருட்டிப் பேசாவிட்டாலும், அவர் தலைக்குள் யோசனை ஓடும். கிறைண்டர் செத்த அன்று பின்னேரமே ஒரு திட்டம் பிறந்தது. செலீன் ஒரு வேலையில் கை வைத்தால் அரைகுறையில் விடமாட்டாள். தான் மினுக்கிய பித்தளை றெஜானின் கையில் வீணாகப் போக விடுவாளா? ‘போங்கோ, போய்ச் சுட்டுக்கொண்டு வாங்கோ’ என்று அவளே தள்ளி அனுப்புவாள். ஆகவே அவளைக் கை வைக்கப் பண்ணவேண்டும். அதற்கு அவளைக் கேட்கக்கூடாது. கேட்டால் மாட்டாள். வேண்டாம் என்று சொல்லவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பேஸ்மென்ற் மேசையில் பழைய ‘கசெற்’ புதினப்பேப்பர் விரித்து, கோதுகளைப் பரப்பி, பெருமூச்சு விட்டார். மேலே கேட்கும்படி விட்டார்.

“என்னப்பா சத்தம்?” படியில் செலீன்.

“ஒண்டுமில்லை. உமக்கு விளங்காது.”

“எனக்கு விளங்காதோ?”

“இது பித்தளை வேலை. சரியான நுணுக்கம். றெஜான் சொன்னவன், பத்துப் பேர் செய்தால் ஒராளுக்குத்தான் கை வாய்க்குமாம். பொம்பிளையளுக்கு உதெல்லாம்…” அவர் தலையை இரக்கத்தோடு ஆட்டினார். “உங்கடை மடத்துச் சிஸ்டர்மாரே வந்தாலும் ஏலாது, செலீன்.”

செலீன் கீழே வந்தாள். படியின் ஒவ்வொரு பலகையும் கத்தியது.

“என்ன சொன்னீங்கள்?”

“சிஸ்டர்மார்…”

“எழும்புங்கோ அந்தக் கதிரையாலை.”

எழும்பினார். எழும்பும்போது திரும்பி நின்று சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சுவரிலிருந்த கண்ணாடி செலீனுக்குக் காட்டிக்கொடுத்தது. அவருக்கு அது தெரியாது.

“கையுறை போடுங்கோ. உடுப்புத் தோய்க்கிற தொட்டிக்குப் பக்கத்திலை வைச்சுத்தான் செய்யிறது. குசினிச் சாமான் ஒண்டும் இனிக் கீழை வராது. பித்தளை மினுக்கிற பிறாசோ போட்டனீங்களோ?”

“இல்லை. றெஜான் கூடாதெண்டவன். அதிலை அமோனியா இருக்காம், பித்தளை வெடிச்சுப்போமாம்.”

“மடத்திலை சிஸ்டர் பிளசிடாவும் கூடாதெண்டுதான் சொன்னவ. அவவுக்கு அமோனியா தெரியாது, மணம் தெரியும். தேசிக்காய்ப் புளி கொண்டு வாங்கோ. இளஞ்சூட்டுத் தண்ணி. பத்து நிமிசம். பத்தெண்டால் பத்து. ஹொக்கி பார்க்கேலாது.”

இப்படித்தான் தொடங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அவர் வேலையால் வந்து சாப்பிட்டதும் இருவரும் பேஸ்மென்றுக்கு இறங்கினார்கள். பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போய் மூன்று வருசம். பேஸ்மென்றில் இரண்டு பேர் சேர்ந்து இருந்து அதைவிடக் கனகாலம்.

அவர் செத்த வெடிமூடியைத் தட்டித் தட்டி எடுப்பார். அவள் கழுவுவாள், துடைப்பாள், பழைய பெனியன் துணியைக் கீறிக் கோதுக்குள் விட்டுத் திருகுவாள். கை பாட்டுக்கு வேலை செய்ய, வாய் பாட்டுக்குக் கதை வந்தது.

“சனிக்கிழமை விடிய எங்களுக்கு மெழுகுதிரித் தண்டு மினுக்கிறதுதான் வேலை. பீடத்திலை ஆறு, மாதா சுரூபத்தடியிலை ரெண்டு, பேந்து தூபக்கலசம். விடுதியிலை இருந்த போடிங் பிள்ளையள் எல்லாரும் சீமெந்திலை வரிசையா இருப்பம். சிஸ்டர் பிளசிடா வந்து ஒவ்வொரு தண்டையும் தூக்கிப் பிடிச்சு, தன்ரை முக்காட்டைச் சரிபார்ப்பா. முக்காடு நேராத் தெரிஞ்சால்தான் எங்களுக்குத் தேத்தண்ணி.”

“கோணலாத் தெரிஞ்சால்?”

“‘செலீன், உன் ஆத்துமமும் இப்படித்தான் இருக்கும்’ எண்டுவா. இங்கிலீசிலை.”

நீக்கிலாப்பிள்ளை ஒரு கோதைத் தூக்கிப் பிடித்துத் தன் மீசையைப் பார்த்தார். மீசை நேராகத்தான் தெரிந்தது. நரைத்திருந்தது மட்டும் கோதின் பிழையல்ல.

செவ்வாய்க்கிழமை கதை சென்ட் லோரன்ட்டுக்கு மாறியது. இந்த நாட்டுக்கு வந்து முதல் இருந்த ஒற்றை அறை வீடு. ஹீற்றர் இரவில் இருமும். கீழ்வீட்டில் ஒரு கிரேக்கக் கிழவி, யார் படியில் ஏறினாலும் கதவைத் திறந்து பார்ப்பாள்.

“அந்தச் சப்பாத்து ஞாபகம் இருக்கோ?” என்றாள் செலீன்.

இல்லாமல் இருக்குமா? அந்த முதல் குளிருக்கு இரண்டு பேருக்கும் ஒரு சோடிப் பனிச்சப்பாத்துத்தான் இருந்தது. அவர் காலை வேலைக்கு அதைப் போட்டுக்கொண்டு போவார். அவளுக்குப் பின்னேரம் பிரெஞ்சு வகுப்பு. மூன்றரைக்கு அவர் பஸ்ஸால் இறங்குவார். அவள் ரப்பர் செருப்போடு மூலையிலிருந்த ‘திப்பனேர்’ என்ற சில்லறைக் கடைக்குள் நிற்பாள். கடைக்காரன் பார்க்க, சஞ்சிகைத் தட்டுக்குப் பக்கத்தில் சப்பாத்து மாறும். அவள் மூன்று சோடி காலுறை போட்டு அதற்குள் காலை விட்டு, வாத்துப்போல் நடந்து வகுப்புக்குப் போவாள். அவர் செருப்புக்கு மேலே பொலித்தீன் பை கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார்.

“அந்தக் கடைக்காரன் நாங்கள் ஏதோ கடத்துறம் எண்டுதான் நினைச்சிருப்பான்.”

“கடைசியா அவன்தானே தன்ரை மனுசியின்ரை பழைய சப்பாத்தைக் கொண்டு வந்து தந்தவன்,” என்றாள் செலீன். “நான் அண்டைக்கு அழுதனான். உங்களுக்குத் தெரியாது.”

“ஏன்? சந்தோசத்திலையோ?”

“இல்லை. இனி மூன்றரைக்குச் சந்திக்கத் தேவையில்லையே எண்டு.”

நீக்கிலாப்பிள்ளை தட்டுவதை நிறுத்தினார். செலீன் நிறுத்தவில்லை, துணியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

“அப்ப எங்கை போனாலும் ரெண்டு பேர். பாங்குக்கு ரெண்டு பேர். டொக்டருக்கு ரெண்டு பேர். எனக்கு இங்கிலீஸ் தெரியும், உங்களுக்கு வழி தெரியும். இப்ப உங்களுக்குக் கார் இருக்கு, எனக்குப் போன் இருக்கு.”

உண்மையில் கடைசியாக இருவரும் ஒன்றாகப் போனது, என்றாவது றெஜான் கூப்பிடுவான் என்ற நம்பிக்கையில் அவர் போன வருசம் எடுத்த துவக்கு லைசென்ஸ் வகுப்புக்குத்தான். அதுவும் அவள் ஆசைப்பட்டுப் போகவில்லை. விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்துக்கென்று ஓர் இடம் இருந்தது. செலீன் கண்ணாடி போட்டு அந்தப் பக்கத்தை முழுதாக வாசித்து, “இந்த அரசாங்கத்துக்குக் குடும்பம் எண்டால் என்னெண்டு தெரிஞ்சிருக்கு” என்று பாராட்டிவிட்டுத்தான் பேனையை எடுத்தாள். வகுப்பு ஓட்டமான பிரெஞ்சு. அவருக்கு மொழிபெயர்க்கப் பக்கத்தில் போய் இருந்தாள். சும்மா இருக்க முடியாது, பதிந்துவிட்டு இருங்கள் மதாம் என்றார் வாத்தியார். பதிந்தாள். சோதனை எழுதினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அவளுக்கே அந்த நாலு புள்ளி எங்கே போனதென்று கோபம். நீக்கிலாப்பிள்ளை இரண்டாம்தரம் எழுதி வந்தார். அதன்பிறகு வேட்டைக்காரர் வகுப்பும் அதேபோல், லைசென்ஸ் இருவருக்கும் வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வாய்வரை ஒரு சொல் வந்தது. ‘நான் உம்மை ஏய்ச்சுத்தான் இந்த வேலையிலை விட்டனான்’ என்று சொல்லிவிடலாமோ என்று பார்த்தார். மான் குறுக்கே வந்தது. விழுங்கிவிட்டார்.

புதன்கிழமை கோதின் வாய் சீவுவது. செலீன் வேர்ணியரைப் பிடித்த பிடியில் தொழிற்சாலையில் யாரும் பிடித்து அவர் கண்டதில்லை. நடுவில் இரண்டுதரம் போன் வந்தது. இரண்டுதரமும் அவள் மேலே போய்ப் பிரெஞ்சில் கதைத்தாள்.

“ஆர்?”

“றெஜானின்ரை மனுசி லீஸ். கோதைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டனான்.”

“என்னட்டைக் கேட்டிருக்கலாமே.”

செலீன் அவரைப் பார்த்தாள். அவர் மற்றக் கோதை எடுத்தார்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு றெஜான் வந்தான். “பொன்ஜூர், மதாம் செலீன்!” தாடி முழுக்கச் சிரிப்பு. பேஸ்மென்றுக்கு இறங்கியவன் மேசையைப் பார்த்து விசில் அடித்தான். நூற்றறுபது கோதும் இடியப்பத் தட்டுக்குத் தட்டு அடுக்கினமாதிரி வரிசையாக, வாய் மேலே பார்த்து நின்றன. பீடத்தில் வைத்தால் பூசை வைக்கலாம்.

ஒன்றை எடுத்தான், அளந்தான். இன்னொன்றை எடுத்தான், அளந்தான். பிறகு பொக்கெற்றிலிருந்து தான் கொண்டுவந்த ஒரு கோதை எடுத்து நீக்கிலாப்பிள்ளையிடம் நீட்டினான்.

“நிக், இது எப்படி?”

நீக்கிலாப்பிள்ளை வெளியே பார்த்தார். உள்ளே ஊதினார். காதடியில் வைத்துக் குலுக்கியும் பார்த்தார். “நல்லது. நம்பர் வன்.”

செலீன் கையை நீட்டி அதை வாங்கினாள். தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியைக் கழற்றி, நுனியை வளைத்து, கோதுக்குள் விட்டு, அடிப்பக்கமாக மெல்ல இழுத்தாள். ஓரிடத்தில் ஊசி தட்டுப்பட்டு நின்றது.

“உள்ளுக்கை சுத்திவர ஒரு பள்ளம் விழுந்திருக்கு. வெளியிலை தெரியாது. திருப்பி வெடிச்சால் இந்த இடத்திலை ரெண்டாப் பிரியும்.” இதைப் பிரெஞ்சில் றெஜானுக்கும் சொல்லி, “பூபெல்” என்று முடித்தாள். குப்பை.

றெஜான் தொப்பியைக் கழற்றினான். பத்தொன்பது வருசத்தில் அவன் தொப்பி இல்லாத மண்டையை நீக்கிலாப்பிள்ளை அன்றுதான் கண்டார்.

“உவ்வளவும் நாங்கள் ரெண்டு பேரும் செய்தது,” என்றார் அவசரமாக. “அப்ப நாளைக்கு நான் எத்தனை மணிக்கு ஆயத்தமாக நிக்கோணும்?”

றெஜான் தாடியைச் சொறிந்தான். பிறகு மெதுவாக, பிரெஞ்சையும் இங்கிலீசையும் கலந்து, ஒரு செத்தவீட்டுச் செய்தி சொல்வதுபோல் சொன்னான். வேட்டைக் குடிலில் அவன் பங்குக்கு இரண்டு அறை. நாலு கட்டில். ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு இரண்டு. ஆண்கள் அறையில் அவனும் நிக்கும் என்றுதான் இருந்தது. ஆனால் அவன் தமையன் வருகிறான். லீஸ் புதன்கிழமை அவனைக் கூப்பிட்டுவிட்டாள். இனி மிச்சம் இருப்பது லீசின் அறையில் ஒரு கட்டில்.

“தமையனை ஏன் கூப்பிட்டவா?”

“நல்ல யோசனைதானே! பாவம், தனிய இருக்கிறவன்,” என்றான் றெஜான். “செலீன்தான் லீசுக்குச் சொன்னது.”

நீக்கிலாப்பிள்ளை செலீன் பக்கம் திரும்பினார். அவள் கொண்டை ஊசியை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

றெஜான் நூற்றறுபது கோதையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, “நாளைக்கு மூன்று மணி, மதாம்” என்றுவிட்டுப் போனான். மூன்று மணி, மதாம். நிக் அல்ல, மதாம்.

“செலீன்.”

“என்னப்பா?”

“மான் சுட அனுமதிச் சீட்டு வேணும்.”

“செப்டெம்பரிலையே புவாண்ட்-கிளேர்க் கடையிலை வாங்கிப்போட்டன்.”

“செப்டெம்பரிலையோ! றெஜான் என்னைக் கேட்டதே ஒக்டோபரிலை!”

“உங்களை அவன் கேட்பான், பேந்து நீங்கள் என்னைக் கேட்பீங்கள் எண்டு நினைச்சு வாங்கினனான். ‘ரெண்டு பேருமாப் போவம்’ எண்டு ஒரு வார்த்தை. ஒருநாளும் கேட்கேல்லை.”

“உமக்குத் துவக்கு?”

“உங்கடை துவக்கு சும்மாதானே பெட்டிக்குள்ளை கிடக்கு. அதுக்கும் கொஞ்சம் காத்துப் படட்டும்.”

நீக்கிலாப்பிள்ளை கதிரையில் இருந்தார். “நான் உம்மைக் கிண்டிவிட்டு வேலை வாங்கினது…”

“ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்குள்ளை கண்டனான். மடத்திலை கண்ணாடி பார்க்க விடமாட்டினம். அதாலை பேந்து எங்கை கண்டாலும் விடாமல் பார்ப்பன்.”

“கண்டும் ஏன் செய்தனீர்?”

செலீன் மேசையிலிருந்த பேப்பரை மடித்தாள். மடிப்பு நேராக வரும்வரை நகத்தால் தேய்த்தாள்.

“அஞ்சு நாள் பக்கத்திலை இருந்தீங்களே,” என்றாள். “சப்பாத்துக் கதை கதைச்சீங்களே. நல்லாத்தான் இருந்தது.” மடித்த பேப்பரைக் கக்கத்தில் செருகினாள். “எண்டாலும் கோது கோதுதான். மினுக்கினவைதான் போறது.”

“சனிக்கிழமை செபக்கூட்டம்?”

“வீட்டுக்காரரிலை ஒராள் நிக்கோணுமெண்டு நான் முதலே சொன்னனான்.”

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு றெஜானின் ட்ரக் வாசலில் நின்றது. செலீன் குளிர் கோட்டுக்குமேல் செம்மஞ்சள் வேட்டை அங்கியும், காதை மூடிய தொப்பியும், கழுத்தில் செபமாலையுமாக இறங்கி வந்தாள். முன்சீற்றில் லீஸ் விலகி இடம் கொடுத்தாள். நீக்கிலாப்பிள்ளை காலுறையோடு வாசல்வரை வந்து துவக்குப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். சாவியையும் கொடுத்தார். எல்லாம் சட்டப்படி.

“புட்டுக்குழல் மேல் தட்டிலை. வாறவைக்குத் தேத்தண்ணி, பிஸ்கற் காணும். வடையைக் கடையிலை சொல்லிப்போட்டன். திரேசம்மா அக்காவுக்கு முழங்கால் ஏலாது, உயரக் கதிரை குடுங்கோ. வாறன்.”

வாறன் என்றுதான் சொன்னாள். ட்ரக் போய்விட்டது.

சனிக்கிழமை பின்னேரம் செபக்கூட்டம் வந்தது. திரேசம்மா அக்கா, றெஜினா, கிறேஸ், இன்னும் பன்னிரண்டு பெண்கள். செலீன் எங்கே என்று ஒருத்தி கேட்கவேண்டுமே! கேட்கவில்லை. எல்லோருக்கும் முன்னமே தெரிந்திருந்தது. அது மட்டுமில்லை, ஒவ்வொருத்தி கையிலும் செபப்புத்தகத்தோடு ஒரு வெறும் ஐஸ்கிறீம் டப்பா இருந்தது.

“என்னத்துக்கக்கா டப்பா?”

“செலீன் போன் எடுத்தவள், தம்பி. மான் பட்டால் எல்லாருக்கும் பங்கு. எனக்கு முன்னந்தொடை சொல்லியிருக்கு,” என்றார் திரேசம்மா அக்கா, உயரக் கதிரையில் சாய்ந்தபடி.

“எனக்கு நெஞ்செலும்பு,” என்றாள் கிறேஸ். “என்ரை மனுசன் ஊரிலை சாப்பிட்டதாம். பிரட்டல் வைச்சுத் தரட்டாம்.”

நீக்கிலாப்பிள்ளை எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். கதிரை இழுத்தார். மெழுகுதிரி கொளுத்தினார். செபமாலையின் ஐந்து காரணிக்கமும் முழங்காலில் நின்று சொன்னார். செலீன் மட்டும் இப்போது எங்கோ பனிபடர்ந்த ஊசியிலை மரங்களுக்கு நடுவில், மூச்சுப் புகையாகப் போக, தன்னுடைய துவக்கோடு நிற்கிறாள் என்பது ஒவ்வொரு ‘அருள்நிறைந்த மரியே’க்கும் நடுவில் வந்துபோனது. திங்கட்கிழமை கோப்பி மெசினடியில் அவள் கதையைத்தான் சொல்வார்கள். தான் கரையில் நின்று ‘ஓ லா லா’ சொல்லவேண்டும். இருபதாவது நவம்பர்.

செபமாலை முடிந்து மன்றாட்டு. ஒவ்வொருவராக ஒரு கருத்தைச் சொல்லி ‘உம்மை மன்றாடுகிறோம்’ என்று முடிக்க, மற்றவர்கள் எல்லோரும் ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று பதில் சொல்வார்கள். றெஜினா மரித்த ஆத்துமாக்களுக்காக மன்றாடினாள். பதில் வந்தது. கிறேஸ் தமையனின் விசாவுக்காக மன்றாடினாள். பதில் வந்தது. திரேசம்மா அக்கா, காட்டுக்குள் போயிருக்கும் எங்கள் சகோதரி செலீனின் கண்ணுக்குத் தெளிவையும் கைக்கு உறுதியையும் தந்தருள வேண்டுமென்று மன்றாடினார். வந்த பதிலில் சுவரிலிருந்த திருக்குடும்பப் படம் ஆடியது.

“தம்பி, வீட்டுக்காரர் ஒண்டு சொல்லுங்கோ,” என்றார் திரேசம்மா அக்கா.

நீக்கிலாப்பிள்ளை கண்ணை மூடினார். தொண்டையைச் செருமினார்.

“மானுகளும் உம்முடைய படைப்புத்தான், ஆண்டவரே. அதுகளிலை ஒண்டாவது இந்தச் சனி ஞாயிறு செலீனின்ரை கண்ணிலை படாமல், அவ சுகமா, வெறுங்கையோடை வீட்டை வந்து, ‘அடுத்தமுறை ரெண்டு பேருமாப் போவம்’ எண்டு சொல்ல வேணுமெண்டு, உம்மை மன்றாடுகிறோம்.”

காத்திருந்தார். ஒரு கண்ணைத் திறந்தார். பதினைந்து பெண்களும் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உம்மை மன்றாடுகிறோம்,” என்றார் இன்னொருதரம், கொஞ்சம் உரக்க.